கூடாரம் அடிக்க ஓர் இடம்

பேளுக்குறிச்சி
5 மார்ச் 1920, வெள்ளி

மச்சான் அவர்களுக்கு ரஹ்மத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இது யாருடைய கையெழுத்து என்று யோசிப்பீர்கள். என்னுடையதுதான். நீங்கள் பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் வாத்தியார் வீட்டு அம்சவேணி அக்காவிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அனுப்பிய கடிதங்களை அண்ணன் கடையில் வைத்து நாலு பேர் கேட்க வாசித்துவிட்டு, "நல்லா இருக்காராம்" என்று ஒரு வரியில் எனக்குச் சொல்லுவார். அந்த ஒரு வரிக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் கற்றுக்கொண்டேன். படிக்கத் தெரிந்ததும் எல்லாக் கடிதங்களையும் எடுத்து வாசித்தேன். அந்த ஒரு வரிக்கு மேல் ஒன்றும் இல்லை.

நீங்கள் இருக்கும் இடத்தைச் சொன்னது அத்தாயி. அண்ணன் கடைக்கு வாழைத்தார் கொண்டுவருகிற மலைக்காரர் மாதேஸ்வரனின் மனைவி. போன சந்தைக்கு வந்தபோது கொல்லைக் கதவில் நின்று அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க நாட்டுல சோலையோரமா ஒரு ராவுத்தர் கூடாரம் போட்டுக்கிட்டு ஒத்தையில கெடக்கறாருங்க. ஆரு கூப்பிட்டாலும் பேச மாட்டேங்கறாரு" என்றாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டேன்.

விருந்தன்று நடந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் உயிரோடு திரும்பி வந்த சந்தோஷத்தில் அண்ணன் ஊரையே கூப்பிட்டு நெய்ச்சோறு போட்டார். "தண்ணி, இந்தப் பக்கம் தண்ணி" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வந்தது. நீங்கள் எழுந்து கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். கேட்டவர் கேட்காதவர் எல்லார் கையிலும் ஊற்றினீர்கள், சோற்றிலும் ஊற்றினீர்கள். கூஜா காலியான பிறகும் கவிழ்த்துக்கொண்டே ஓடினீர்கள். முதலில் சிரித்தார்கள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. "பைத்தியத்துக்குக் கட்டிக் கொடுத்துட்டனே" என்று அண்ணன் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

மறுநாள் கூடாரச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போயிட்டு வாரேன் என்றீர்கள். சந்தைக்குக் கூடாரம் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த ஆளிடம் முதல் கேள்வியாக எதைக் கேட்பது என்று தெரியாமலே நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் போனீர்கள்? எப்போது வருவீர்கள்? இரண்டில் ஒன்றுக்காவது பதில் எழுதுங்கள். அத்தாயியிடம் கொடுத்தால் என் கையில் தருவாள். கடை வழியாக வராது.

ரஹ்மத் பீவி


அரியூர் நாடு
20 மார்ச் 1920

ரஹ்மத்துக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நான் நலமாக இருக்கிறேன்.

இதை எழுதிய பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கையில் இருப்பது இந்தக் காகிதம் மட்டும். இருக்கட்டும்.

உன் எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பட்டாளத்தில் என் வேலை கலாசி வேலை. கூடாரம் அடிப்பது. படை எங்கே தங்கினாலும் இடம் பார்ப்பவர்களோடு நாங்கள் முன்னால் போவோம். தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும், காலடியில் இருக்கக் கூடாது. கூடாரக் கயிறு கட்டுகிற முளை இறங்க மண் வேண்டும், ஆனால் மழை பெய்தால் முளையை விடாத மண்ணாக இருக்க வேண்டும். மரம் காற்றைத் தடுக்க வேண்டும், காய்ந்த கிளை தலைக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கேயும் அப்படிப் பார்த்துத்தான் அடித்தேன்.

இந்த மலையில் ஒவ்வொரு பகுதியையும் நாடு என்கிறார்கள். முதலில் ஆலத்தூர் நாட்டில் ஓர் ஓடைக் கரையில். நல்ல இடம். ஆனால் தள்ளி நின்று கேட்டால் அந்த ஓடை, பல பேர் ஒரே சமயத்தில் அடங்கிய குரலில் பேசுவது போல இருந்தது. பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்தது, சந்தைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதைக்கு மேல் ஒரு மேடு. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று ஊர் பேர் விசாரித்தார்கள். அதையும் விட்டேன். இப்போது இருப்பது மாதேஸ்வரனின் வாழைக்கு மேலே, சோலைக்காடு தொடங்குகிற விளிம்பு. நிலம் அவருடையது. "ஏனுங்க, பன்னி வந்தா வெரட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். விரட்டுவேன் என்றேன். "அப்பக் கெடங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேழ்வரகுக் களியும் கீரையும் அவர்கள் வீட்டிலிருந்து வருகின்றன.

எப்போது வருவேன் என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

அமீர் ஹம்சா


பேளுக்குறிச்சி
2 ஏப்ரல் 1920

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். நீங்கள் மண் இறுகலா இளகலா என்று எழுதியிருக்கிறீர்கள். முளை அடிப்பதைப் பற்றி ஒரு பக்கம். என்னைப் பற்றி ஒரு வரி, அதுவும் கையெழுத்தைப் பற்றி.

கோபமாக எழுதக் கூடாது என்று அம்சவேணி அக்கா சொன்னார். அவருக்கென்ன, அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வருகிறார்.

என் பக்கத்தையும் கேளுங்கள். மாமி மவுத்தாகி அடக்கம் முடிந்த செய்தியை உங்களுக்கு எழுதும்போது நான் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்களா தெரியாது. அந்த விஷக் காய்ச்சல் வருஷத்தில் மாமியைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான் இருந்தேன். அடுத்த மழையில் அந்த வீடும் விழுந்தது. இங்கே அண்ணன் ராஜா முகமது, அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், கடை ஆட்கள், தேனும் கடுக்காயும் எடுத்துப் போக வருகிற வெளியூர் வியாபாரிகள். விடிந்தது முதல் சத்தம். எனக்கு யாரும் குறை வைக்கவில்லை. அண்ணன் இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் சோறு போட்டார், அதை மறக்க மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் யாராவது "ரஹ்மத்" என்று கூப்பிட்டால் அது ஏதாவது எடுத்துக் கொடுப்பதற்காகத்தான் இருக்கும். வேலை முடிந்து பெண்கள் கூடி உட்காரும்போது நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகிறது. என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் யாரும் இல்லாத இடம் தேடி மலைக்குப் போனீர்கள். எனக்கு அது இங்கேயே கிடைத்துவிட்டது.

எதற்காக அமைதியான இடம்? பட்டாளத்தில் என்ன நடந்தது? நான்தான் வாசிக்கிறேன். வேறு யாரும் இல்லை. எழுதுங்கள்.

ரஹ்மத்


அரியூர் நாடு
25 ஏப்ரல் 1920

ரஹ்மத்துக்கு, வ அலைக்கும் ஸலாம்.

மூன்று தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நல்லதிலிருந்து தொடங்குகிறேன்.

பட்டாளத்துக்குப் போன முதல் குளிர்காலத்தில், பிரான்சில் காயம்பட்ட நம் ஆட்களோடு எங்களையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய காட்டின் ஓரத்தில் இந்திய ஆட்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி. கட்டடத்தில் இடம் போதவில்லை, வெளியே கூடாரம் அடிக்கச் சொன்னார்கள். எங்கள் ஆட்களை நடத்துகிற ஜமேதார் என்னைக் கூட்டிக்கொண்டு காட்டோரமாக இடம் தேடி நடந்தார். மரங்களில் ஓர் இலை இல்லை. எல்லாம் கீழே கிடந்தன. காலை வைத்தால் மெத்தை போல அமுங்கின. ஜமேதார் ஓயாமல் பேசுகிறவர். உள்ளே கொஞ்ச தூரம் போனதும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு சரிவுக்கு மேல் நின்று இடத்தைக் கையால் காட்டினார், நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் விடியலில் கூடாரத்தின் வாயைத் திறந்தால் கயிறுகளுக்கு நடுவே குதிரைகள் நின்றன. குட்டைக் குதிரைகள். காட்டில் தாமாக அலைபவை. பிடரி முழுக்க உறைபனி. ஒன்று வந்து என் கைக்குள் மூக்கை நுழைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் பயமில்லாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு எங்களை பாலைவனச் சண்டை நடந்த பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். பஸ்ராவைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

இந்த மலையில் நான் தேடுவது அந்த மாதிரி ஓர் இடத்தை. இப்போது இருப்பது அதற்குப் பக்கத்தில் வருகிறது. கூடாரத்துக்குப் பின்னால் சோலை நெருக்கமாக எழுந்து நிற்கிறது. பகலிலும் உள்ளே இருட்டு. பழம் தின்கிற பறவைகள் கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போய்விடும். அப்புறம் ஒன்றும் இல்லை. மனிதக் குரலே கேட்காமல் கழிகிற நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாளில், குரல் இருக்கிறதா என்று பார்க்க நானே வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பேன்.

போன வாரம் சொன்ன வார்த்தை உன் பெயர்.

அமீர் ஹம்சா


பேளுக்குறிச்சி
16 மே 1920

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நம்பித்தான் மலை ஏறினேன்.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழிக்கு அவல் கட்டிக் கொடுத்தார். சந்தை முடிந்து திரும்புகிற அத்தாயியோடு போனேன். மேலே போர்த்தியிருந்த துப்பட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். "புருசனைப் பாக்கப் போற பொண்ணு இப்படி உக்காரலாமா, எந்திரி சாமி" என்று அத்தாயி கையைப் பிடித்துத் தூக்கினாள். அன்று அவள் வீட்டில் தங்கி, மறுநாள் வெயில் ஏறின பிறகு உங்கள் கூடாரத்துக்குக் கூட்டிப் போனாள்.

கூடாரம் திறந்திருந்தது. அடுப்பில் சூடு இருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. நீங்கள் இல்லை.

அத்தாயி சுற்றிப் பார்த்துவிட்டு, விறகுக்குப் போயிருப்பார், வந்துவிடுவார் என்றாள். நான் வாசலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்தது. அப்போதுதான் சோலைக்குள், இரண்டு மரங்களுக்கு நடுவில், உங்கள் காக்கிச் சட்டையைப் பார்த்தேன். நீங்கள் அசையவில்லை. நானும் அசையவில்லை.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு நீங்கள் வராமல் போனால் அத்தாயி பார்த்துவிடுவாள். பைத்தியக்காரனின் பெண்டாட்டி என்று கீழே சொல்லுகிறார்கள். பெண்டாட்டியே வேண்டாம் என்று மரத்துக்குப் பின்னால் ஒளிந்தவனின் பெண்டாட்டி என்று மலையிலும் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். உங்கள் குடத்தில் தண்ணீர் இல்லை. எடுத்துப் போய் நிரப்பி வைத்தேன். அவலையும் வைத்தேன். கிளம்பிவிட்டேன்.

இறங்கும் வழி முழுவதும் அத்தாயி ஒன்றும் கேட்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள் என்று அதிலிருந்தே தெரிந்தது.

ரமலான் வருகிறது. உங்களுக்காக துஆ செய்வேன். இனி ஏற மாட்டேன்.

ரஹ்மத் பீவி


அரியூர் நாடு
30 மே 1920

ரஹ்மத்,

நீ என்னைப் பார்த்தது எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்று நினைத்து இத்தனை நாள் அதில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தேன்.

இப்போது பஸ்ராவைப் பற்றி எழுதத்தான் வேண்டும். வேறு வழியில் உனக்குச் சொல்ல முடியாது.

அங்கே ஆற்றங்கரையில், நிழல் இல்லாத மணலில், வரிசை வரிசையாகக் கூடாரம் அடித்தோம். கப்பல்களில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். வெயிலில் விழுந்தவர்கள், பேதி கண்டவர்கள், குண்டடி பட்டவர்கள். பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. கூடாரம் அடித்து முடித்த கலாசிகள் தண்ணீர் தூக்க வேண்டும் என்று உத்தரவு. நான் தோல் பையோடு ஒரு கூடாரத்துக்குள் நுழைந்தால் எல்லாப் பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள். பானி என்பார்கள், தண்ணி என்பார்கள், எனக்குத் தெரியாத பாஷைகளிலும் கேட்பார்கள். ஒருவனுக்கு ஊற்றும்போது இன்னொருவன் என் காலைப் பிடிப்பான். அவனிடம் திரும்புவதற்குள் பிடி தளர்ந்திருக்கும். இரண்டு கோடை அப்படிப் போனது.

எனக்குத் துப்பாக்கிச் சத்தம் பயமில்லை ரஹ்மத். மேளம் பயமில்லை. பல பேர் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் மட்டும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போகிறது. யாரிடம் முதலில் போவது என்று கால் நடுங்குகிறது. விருந்தன்று அதுதான் நடந்தது.

அன்று நீ சரிவில் ஏறி வருவதைப் பார்த்தேன். நீ என்று தெரிந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் சோலைக்குள் போனேன். நீ கூப்பிடுவாய் என்று பயந்தேன். நீ கூப்பிட்டு, என் கால் அப்படி நடுங்கிவிட்டால், இந்த உலகத்தில் நான் பயப்படாமல் கேட்கக் கூடிய ஒரு குரலும் போய்விடும் என்று நினைத்தேன்.

நீ கூப்பிடவில்லை. குடத்தை நிரப்பி வைத்தாய். நீ போன பிறகு வந்து அதிலிருந்து குடித்தேன். எனக்கு யாரும் தண்ணீர் எடுத்து வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

மன்னித்துக்கொள்.

அமீர் ஹம்சா


பேளுக்குறிச்சி
25 ஜூன் 1920

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை ரமலான் முழுவதும் இடுப்பில் செருகி வைத்திருந்தேன். நோன்பு திறக்கும் நேரத்தில் முதல் வாய்த் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்தக் கூடாரங்கள் ஞாபகம் வந்தன. இது உங்களுக்குள் இத்தனை நாள் கிடந்ததா? இதை வைத்துக்கொண்டா "நலமாக இருக்கிறேன்" என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள்?

எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உங்கள் மேலிருந்து இடம் மாறிவிட்டது.

பெருநாளன்று எல்லாரும் புதுத்துணி உடுத்தினார்கள். எனக்கும் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். உடுத்திக்கொண்டு மாடியில் போய் நின்று மலையைப் பார்த்தேன். மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அண்ணி வந்து பக்கத்தில் நின்றார். அவர் சொல்லித்தான் அந்தச் செய்தி எனக்குத் தெரிந்தது. அண்ணன் பள்ளிவாசல் ஜமாத்தில் பேசிவிட்டார். பக்ரீத் கழிந்து வருகிற ஜும்மாவுக்குப் பிறகு உங்களைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள். ஒன்று, இறங்கி வந்து குடித்தனம் நடத்த வேண்டும். இல்லாவிட்டால் தலாக் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு ஆள் வரும்.

அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என் வயது போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டலாமா என்று நினைத்தேன். அது எனக்கு எழுதியது. காட்டவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ரஹ்மத்


அரியூர் நாடு
10 ஆகஸ்டு 1920

ரஹ்மத்துக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பதில் தாமதமானதற்குக் காரணம் காய்ச்சல். மலைக் காய்ச்சல், இங்கே மழை தொடங்கினால் வருவது. இப்போது இறங்கிவிட்டது. அத்தாயி கஷாயம் வைத்துக் கொடுத்துக் காப்பாற்றினாள்.

அவள் வருவதற்கு முன்னால் நான் தனியாகக் கிடந்தேன். மழையில் மலையே மூடிக்கொண்டது, யாரும் வெளியே வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. குடம் எட்டவில்லை. தண்ணி என்று கேட்டேன். கேட்டது நான்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இவ்வளவு அமைதியான இடத்தைத் தேடிப் பிடித்தவனும் நான்தான். நான் விரும்பிய மாதிரியே யாருக்கும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் அந்தக் காட்டைப் பற்றியும் யோசித்தேன். அந்த அமைதி மரங்கள் கொடுத்தது என்று இதுவரை நினைத்திருந்தேன். அப்போது நான் பஸ்ராவைப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்துக்கே திரும்பப் போனாலும் எனக்கு அது கிடைக்காது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஜமாத்துக்கு வருவேன். நீ கேட்காமலே உன்னை விட்டுவிடுவதாகச் சொல்லிவிடுவேன். உன் மேல் ஒரு குறையும் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லுவேன். காய்ச்சலில் உன்னைக் கூப்பிடத் தோன்றியது. இனியும் தோன்றும். கூப்பிட்டால் நீ ஏறி வருவாய். வந்தால் இந்தக் காய்ச்சலும் இந்தத் தனிமையும் உனக்கும் சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது.

அமீர் ஹம்சா


பேளுக்குறிச்சி
20 ஆகஸ்டு 1920

மச்சான்,

எனக்கு எது நல்லது என்று அண்ணன் ஒரு பக்கம் முடிவு செய்கிறார். நீங்கள் ஒரு பக்கம் முடிவு செய்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ஜமாத் அன்று பெண்கள் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நான் இருப்பேன். சொல்ல வேண்டியதை என் காது கேட்கச் சொல்லுங்கள்.

இத்துடன் மலைக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும்.

ரஹ்மத் பீவி


அரியூர் நாடு
7 செப்டம்பர் 1920

ரஹ்மத்,

அன்று பள்ளிவாசலிலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன் என்று வருத்தப்பட்டிருப்பாய். அதற்கு மேல் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. மலை அடிவாரம் வரை எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. ஆனால் உள்ளே நடந்தது ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. நீ திரைக்குப் பின்னால் இருந்தாய், ஆகவே பார்த்திருக்க மாட்டாய்.

ஜமாத்தை நடத்துகிற முத்தவல்லி நல்லவர். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சொல்லு தம்பி" என்றார். நான் வழி முழுவதும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை எடுக்கிறதற்குள் உன் அண்ணன் எழுந்துவிட்டார். அவர் பேச, இன்னொருவர் மறுக்க, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள். என் கால் நடுங்க ஆரம்பித்தது. பாயைப் பிடித்துக்கொண்டேன். பாய் பஸ்ரா மணலாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

அப்போது உன் குரல். "ஒவ்வொருத்தராப் பேசுங்க. அப்பத்தான் அவருக்குக் கேக்கும்."

நீ சத்தம் போடவில்லை. பெண் குரல் கேட்ட அதிர்ச்சியிலேயே எல்லாரும் வாயை மூடினார்கள். உன் அண்ணன் நின்றபடியே இருந்தார். முத்தவல்லி என் பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வச்சுக்கறயா, விட்டுடறயா?" என்று கேட்டார். ஒரே ஒரு குரல். பாய் மறுபடி பாயாக இருந்தது.

விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவங்களைக் கேளுங்க" என்று வந்துவிட்டது.

அதற்கு நீ சொன்ன பதில் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை நான் இங்கே எழுதவில்லை.

அமீர் ஹம்சா


பேளுக்குறிச்சி
19 செப்டம்பர் 1920

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். "எனக்கு இவரு போதும்" என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். அண்ணி போர்வை போர்த்திவிட்டார்.

அண்ணன் சில நாட்கள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "சரி. எங்க இருப்பீங்க? எடம் ஒண்ணு சொல்லு. மரத்துக்குப் பின்னாலன்னு சொல்லாதே." அத்தாயி பேச்சுவாக்கில் அண்ணியிடம் சொல்ல, அது அவர் வரைக்கும் போயிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. நியாயமான கேள்வி என்றுதான் தோன்றியது.

நான் யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன். மலை மேல் என்னால் இருக்க முடியாது. காய்ச்சலுக்குப் பயந்து சொல்லவில்லை. மூன்று நாள் யாரிடமும் பேசாவிட்டால் எனக்கு உடம்புக்கு ஆகாமல் போய்விடும். எனக்கு அண்ணி வேண்டும், அம்சவேணி அக்கா வேண்டும், பெருநாளைக்குப் போய்வர நாலு வீடு வேண்டும். கடைத்தெருவில் உங்களால் இருக்க முடியாது. அதையும் நான் இனிமேல் கேட்க மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் இடம் இல்லாமலா போகும்? கூடாரத்துக்கு இடம் பார்க்கிறது உங்கள் வேலைதானே. எனக்கும் சேர்த்துப் பாருங்கள்.

ரஹ்மத்


மலை அடிவாரம்
17 அக்டோபர் 1920

ரஹ்மத்துக்கு, வ அலைக்கும் ஸலாம்.

மலையை விட்டு இறங்கிவிட்டேன். மாதேஸ்வரன் கூடாரக் கம்பைத் தோளில் வைத்து அடிவாரம் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். "பன்னிய இனி ஆரு வெரட்டுவா" என்று மட்டும் சொன்னார்.

ஓர் இடம் பார்த்திருக்கிறேன். பேளுக்குறிச்சியிலிருந்து மலைப்பாதைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு புளியந்தோப்பு இருக்கிறதே, அதைத் தாண்டி, காடு தொடங்குமுன் ஒரு மேடு. காளியண்ணன் என்பவரின் நிலம். குடியிருந்தால் மேய்கிற மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுகிறார். கிணறு உண்டு. நீ துப்பட்டியோடு முள்ளில் மாட்டாமல் நடந்துவர வண்டித்தடம் உண்டு. நான் இதுவரை பார்த்த இடங்களில் ஆள் வருகிற வழி இருக்கிறதா என்று பார்த்தால், இருக்கக் கூடாது என்பதற்காகப் பார்ப்பேன். இந்தத் தடவை அதைத்தான் முதலில் தேடினேன். பழக்கமில்லாத வேலையாக இருந்தது.

சுவர் வைத்து ஒரு கூரை வேய்ந்துவிடலாம். நீ உள்ளே இரு. எனக்குச் சுவருக்குள் தூக்கம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது. கொஞ்ச காலம் வாசலில் கூடாரத்தில் படுத்துக்கொள்கிறேன். பொய்யான வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மூங்கில் வெட்ட மேலே போகிறேன். அதற்குள் நீ வந்து பார்த்துவிட்டு எழுது.

அமீர் ஹம்சா


பேளுக்குறிச்சி
24 அக்டோபர் 1920

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று போய் இடத்தைப் பார்த்தேன். தனியாகப் போகக் கிளம்பினேன். அண்ணன் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தார்.

மேடு நன்றாக இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு, ஆனால் குடிக்கலாம். காடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நீங்கள் முளை அடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். வாசல் கிழக்கே வரும் என்று புரிந்தது. அண்ணன் மேட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார். பிறகு நடுவில் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது குறை சொல்லப் போகிறார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காற்று கீழேயிருந்து திரும்பியது. அப்போது எனக்கும் கேட்டது. வண்டிப் பட்டறையில் இரும்பு அடிக்கிற சத்தம், அதற்குப் பின்னால் சந்தைக் கூச்சல், மெல்லிசாக, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக. நேற்று சந்தை நாள். நீங்கள் வேறு நாளில் பார்த்திருப்பீர்கள்.

"இங்க ஆகாது" என்றார் அண்ணன். "மாப்ளைக்கு இது கேக்கும். இன்னும் கொஞ்சம் மேல பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டித்தடத்தில் இறங்கிப் போய்விட்டார். நான் உடனே பின்னால் போகவில்லை. மேட்டைத் தாண்டிக் காட்டோரமாக ஏறினேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நின்று காது கொடுத்துக் கேட்டேன். வேங்கை மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் போனதும் சத்தம் நின்றுவிட்டது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தேன். முளை இறங்குமா, மழைத் தண்ணீர் தேங்குமா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து பாருங்கள்.

கிணறு தூரம்தான். நான் நடப்பேன்.

ரஹ்மத்